பட்டாசுச் சத்தமும் அமிக்டலாவும்

"கொச்சிக்கடைக் குண்டுவெடிப்பு நடந்து இத்தனை வருஷமாகியும், சித்திரை வருஷப் பட்டாசு கேட்டால் அம்மா கட்டிலுக்குக் கீழே ஒளிக்கிறா. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதுதான் சிகிச்சையாம். புண்ணைக் கிளறுவதாகாதா?" கொட்டாஞ்சேனை வாசகி ஒருவரின் கேள்வி.

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு பலருக்குச் சில வாரம் நித்திரை கெட்டது இயல்பு. கெட்ட கனவு, திடுக்கிடல், தவிர்த்தல், மனம் மரத்துப்போதல் எல்லாம் ஒரு மாதத்தைத் தாண்டியும் அன்றாட வேலையைக் குழப்பினால்தான் மனவடு நோய் (PTSD). வெடிச்சத்தத்தையும் ஆபத்தையும், மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி முடிச்சுப்போட்டுவிட்டது. சாப்பாட்டோடு சேர்த்துக் கேட்ட ஒலிக்கே எச்சில் ஊறியதே, பள்ளிக்கூடத்தில் படித்த அந்தப் பாவ்லோவின் நாய்தான்.

அந்த முடிச்சு அவிழ்வதேயில்லை. பழைய பதிவுக்குப் பக்கத்தில் "சத்தம் கேட்டது, ஒன்றும் நடக்கவில்லை" என்று இன்னொரு பதிவு உருவாகி, மூளையின் முன்பகுதி வழியாக அமிக்டலாவை அடக்குகிறது. எதிர்பார்த்த ஆபத்து வராமல் போகும் கணத்தில்தான் அது பதிகிறது. உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த சிகிச்சை முறையில் 90 நிமிட அமர்வுகள் 8 முதல் 15 வரை. கண்ணை மூடி, நடந்ததை "நிற்கிறேன், புகை வருகிறது" என்று நிகழ்காலத்தில் சொல்லவேண்டும். பயத்துக்கு 0 முதல் 100 வரை புள்ளி. சொன்னதை ஒலிப்பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்கவேண்டும். தவிர்த்துவந்த இடங்களுக்கும் போகவேண்டும், 40, 50 புள்ளி தரும் இடத்திலிருந்து தொடங்கி.

சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். பயம் உச்சத்தில் இருக்கையில் எழுந்து ஓடினால், ஓடியதால் தப்பினேன் என்றே மூளை படிக்கும். கட்டிலுக்குக் கீழே ஒளிப்பதும் வாசலோரம் மட்டும் உட்காருவதும் இதே கணக்கு. மந்திரித்த நூலைக் கட்டிக்கொண்டு போனால், உயிரோடு திரும்பிய பெருமை நூலுக்குப் போய்விடும். காசு வாங்கிக்கொண்டு நூல் கட்டுகிறவர்கள்மேல் எனக்குள்ள கோபம் இதுதான். பதற்றத்தைத் தணிக்கும் டயஸிபாம் மாத்திரையும் இந்தக் கற்றலைக் கெடுக்கலாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சேர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் உதவும்.

வாசகியின் அச்சத்திலும் நியாயம் உண்டு: சம்பவம் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பதால் பலனில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மேலே சொன்ன சிகிச்சை அப்படியல்ல.

புதிய பதிவு இடத்தோடு ஒட்டிக்கொள்வது. சிகிச்சை அறையில் அடங்கிய பயம் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் எழும்பும். ஆகவே கோவில், சந்தை, பகல், இரவு என்று மாற்றி மாற்றிப் பழகவேண்டும். குணமானபின் ஒரு ஏப்ரலில் பயம் தலைகாட்டினால் சிகிச்சை தோற்றதென்று நினைக்கவேண்டாம். பழைய பயிற்சியையே மறுபடி செய்யலாம்.

பயந்தது தமிழில் என்றால் அமர்வும் தமிழில் நடக்கவேண்டும். புதுக் கட்டடங்கள் கட்டுவதற்கு முன், தமிழ் பேசும் உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவிக்க அரசாங்கம் காசு ஒதுக்கட்டும். எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம்.