மண் எழுதி வைத்த நீர்மட்டம்

சென்ற வாரம் ஒரு வாசகர் இப்படி எழுதியிருந்தார்: “எங்கள் வீட்டின் முப்பது வருடச் செப்டிக் டேங்க் அமைப்பு இனி தாங்காது. புதிதாக ஒன்று போடுவதா, தெரு வரை வந்துவிட்ட பாதாளச் சாக்கடையில் இணைத்துவிடுவதா என்று யோசிக்கிறோம். மண்ணைப் பார்க்க வந்தவர் ஆள் உயரத்துக்கு ஒரு குழி தோண்டச் சொன்னார். கடும் கோடை, குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் குழியின் சுவரிலிருந்து ஒரு மண்கட்டியைப் பெயர்த்தார், லேசாக நனைத்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். மழைக்காலத்தில் 45 சென்டிமீட்டர் ஆழம் வரை தண்ணீர் ஏறி வரும் என்று சொல்லிவிட்டார். காய்ந்து கிடக்கும் குழியைப் பார்த்து இதை எப்படிச் சொல்கிறார்கள்? நம்பலாமா?”

நம்பலாம். அவர் பார்த்தது மண்ணின் நிறத்தை. மண்ணறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். அதற்கு வருவதற்கு முன், செப்டிக் டேங்குக்கும் மண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

தொட்டியில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கனமானது அடியில் படியும், எண்ணெய்ப்பசை மேலே மிதக்கும், காற்றில்லா இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் படிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செரிக்கும். 1890-களில் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் இதற்குச் ‘செப்டிக் டேங்க்’ என்று பெயர் வைத்தார். அடிப்படை இன்றும் அதேதான். ஆனால் தொட்டியிலிருந்து வெளியே வரும் நீர் சுத்தமான நீர் இல்லை. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் நோய்க்கிருமிகளும் அம்மோனியாவும் அதில் நிறைந்திருக்கும். தொட்டி பாதி வேலையைத்தான் முடிக்கிறது. மீதிப் பாதியை முடிப்பது மண். துளையிட்ட குழாய்களைச் சரளைக்கல்லுக்கு நடுவே பதித்து, அந்த நீரைப் பரவலாக மண்ணுக்குள் விடுகிறோம். இந்தப் பரப்பை உறிஞ்சு களம் என்று வைத்துக்கொள்வோம்.

மண் எப்படிச் சுத்தம் செய்கிறது? இங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது: மண்ணில் காற்று இருக்க வேண்டும். துளைகளில் காற்று இருக்கும்போது நீர் பெரிய துளைகளை விட்டுவிட்டு, மண்மணிகளின் மேல் மெல்லிய படலமாக, மெதுவாக ஊர்ந்து இறங்கும். அப்படி ஊரும் ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் கிருமிகள் மண்துகள்களில் ஒட்டிக்கொள்ளும், வைரஸ்கள் களிமண் பரப்பில் சிக்கும், ஆக்சிஜனோடு வாழும் மண்ணுயிர்கள் மிச்சக் கழிவைத் தின்று தீர்க்கும். மண் முழுக்க நீரில் மூழ்கியிருந்தாலோ கதை வேறு. நீர் பெரிய துளைகள் வழியே நேராக ஓடி நிலத்தடி நீரில் கலந்துவிடும், கிருமிகளும் கூடவே போகும். அதனால்தான் உறிஞ்சு களத்தின் அடிமட்டத்துக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவே 60 முதல் 120 சென்டிமீட்டர் வரை காற்றோட்டமுள்ள மண் வேண்டும் என்று பல விதிமுறைகள் கேட்கின்றன.

அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி, “தண்ணீர் எவ்வளவு வேகமாக உறிஞ்சப்படுகிறது?” என்பது மட்டும் இல்லை. வருடத்தின் மிக ஈரமான வாரங்களில் நீர்மட்டம் எதுவரை ஏறும் என்பதும்தான்.

முதல் கேள்விக்குப் பழைய சோதனை ஒன்று உண்டு. 1920-களில் நியூயார்க் மாநிலத்தில் ஹென்றி ரையான் உருவாக்கியது. சிறு குழி தோண்டி, நீர் ஊற்றி நன்றாக ஊறவிட்டு, அப்புறம் மறுபடி ஊற்றி, மட்டம் ஒரு அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பார்கள். ஒரு நிமிடத்துக்குள் இறங்கினால் மண் சல்லடை மாதிரி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அடைத்த மண். எளிய சோதனைதான், ஆனால் இதை மட்டும் நம்பி முடிவெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊற்றுவது நல்ல தண்ணீர், பிறகு வரப்போவதோ கழிவுநீர். கழிவுநீர் இறங்கும் இடத்தில் சில மாதங்களிலேயே கருப்பாக, கொழகொழவென்று ஒரு உயிர்ப்படலம் படியும். அதற்கப்புறம் நீர் இறங்கும் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அந்தப் படலம்தான். பழைய உறிஞ்சு களங்கள் பல இந்தப் படலம் தடித்து அடைத்துக்கொண்டதால்தான் செயலிழக்கின்றன. தவிர, கோடையில் செய்த சோதனைக்கு மழைக்காலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நிறத்துக்குத் தெரியும்.

மண்ணின் செம்மையும் பழுப்பும் மஞ்சளும் பெரும்பாலும் இரும்பு தருபவை. ஒவ்வொரு மணியின் மேலும் மெல்லிய துருப்பூச்சு இருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் அடியில் இருக்கும் மணலும் களிமண்ணும் பெரும்பாலும் வெளிர்சாம்பல்தான். துரு என்பது ஆக்சிஜனோடு இணைந்த இரும்பு, அதாவது மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்பு. அந்த நிலையில் அது நீரில் கரையாது, இருந்த இடத்திலேயே இருக்கும்.

இப்போது மழை பெய்து நீர்மட்டம் ஏறுகிறது. துளைகளில் காற்றுக்குப் பதில் நீர். நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. கரைந்திருந்த கொஞ்ச ஆக்சிஜனையும் மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்கள் விரைவில் தீர்த்துவிடுகின்றன. ஆனால் அவற்றுக்குப் பசி தீரவில்லை. செத்த வேர், மக்கிய இலை என்று உணவு இருக்கிறது. உணவைச் செரிக்கும்போது வெளிவரும் எலக்ட்ரான்களை யாரிடமாவது தள்ளியாக வேண்டும். நாம் மூச்சுவிடுவதே அதற்காகத்தான்: ஆக்சிஜன் நம் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. ஆக்சிஜன் இல்லாதபோது பாக்டீரியாக்கள் அடுத்த ஆளைத் தேடுகின்றன. முதலில் நைட்ரேட். அது தீர்ந்தால் மாங்கனீசு. அதற்கு அடுத்தது இரும்பு.

இரும்பைத்தான் அவை சுவாசிக்கின்றன, உவமைக்காகச் சொல்லவில்லை. ஜியோபாக்டர் என்ற பாக்டீரியா 1987-இல் அமெரிக்காவின் போடோமாக் ஆற்றுப் படிவிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. திடமான துருவின் மீது தன் எலக்ட்ரான்களை இறக்கிவைத்து அது வாழ்கிறது. துரு ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட கணத்தில் அதன் குணமே மாறிவிடும். நிறம் போகும், நீரில் கரையும். கரைந்த இரும்பு நீரோடு நகர்ந்துவிட, மணியின் மேல் பூச்சு இல்லை. அடியில் இருந்த சாம்பல் நிறம் வெளியே தெரிகிறது.

மழை ஓய்ந்து நீர்மட்டம் இறங்கும்போது காற்று திரும்பி வருகிறது. நகர்ந்து போன இரும்பு ஆக்சிஜனைச் சந்திக்கும் இடத்தில் மறுபடி துருவாகிப் படிகிறது. ஆக, சாம்பல் திட்டு என்பது இரும்பு வெளியேறிய இடம், ஆரஞ்சுப் புள்ளி அது போய்க் குடியேறிய இடம். ஒவ்வொரு மழைக்காலமும் இதே வேலையைக் கொஞ்சம் செய்துவிட்டுப் போகிறது. பல வருடங்களில் அந்த ஆழத்து மண், சாம்பலும் துருவும் கலந்த புள்ளிப் புள்ளியான கோலமாகிறது. நீர் அதிக காலம் நிற்காத மேல்மண்ணோ ஒரே சீராகப் பழுப்பாகவே இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடம்தான் மழைக்கால நீர்மட்டம்.

நான் முதன்முதலில் இப்படி ஒரு குழிக்குள் இறங்கியபோது, ஒரு மண்கட்டியை உடைத்து உள்ளே பார்க்கச் சொன்னார்கள். நடுவில் எப்போதோ செத்துப்போன வேரின் பாதை, பென்சில் முனை அகலம்தான் இருக்கும். அதன் சுவர் வெளிர்சாம்பல். அதைச் சுற்றி, சில மில்லிமீட்டர் தள்ளி, ஆரஞ்சு வளையம். அதற்கும் வெளியே சாதாரணப் பழுப்பு. வேர் மக்கும்போது பாக்டீரியாக்களுக்கு அங்கேதான் விருந்து. அதனால் இரும்பு முதலில் அங்கே கரைந்து, வெளிப்பக்கம் நகர்ந்து, காற்று மிச்சமிருந்த இடத்தில் துருவாக நின்றுவிட்டது. ஒரு வேரின் மரணமும் பல மழைக்காலங்களும் விரல் நுனி அளவு இடத்தில். அன்று அந்தக் கட்டியைக் கீழே வைக்க எனக்கு மனசே வரவில்லை.

சாம்பல் எது, பழுப்பு எது என்பதைக் கண்ணோட்டத்துக்கு விடுவதில்லை. ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவியர் வகுத்த நிற முறையை மண்ணறிவியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். வண்ணச் சில்லுகள் ஒட்டிய சிறு புத்தகம் அது. நனைத்த மண்ணை வெயிலில் சில்லுகளோடு ஒப்பிட்டு, நிறச்செறிவு (நிறம் எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதற்கான எண்) 2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் சாம்பல் என்று குறிப்பார்கள். உங்கள் வீட்டுக்கு வந்தவர் கட்டியை நனைத்ததும் வெயிலில் பிடித்ததும் இதற்காகத்தான்.

இதிலும் ஏமாற இடமுண்டு. முன்பு சதுப்பாக இருந்து பிறகு வடிகால் வெட்டிக் காயவைத்த நிலத்தில் பழைய சாம்பல் அப்படியே இருக்கும். அனுபவசாலிகள் அப்போது திட்டுகளின் ஓரத்தைப் பார்ப்பார்கள். ஓரம் கரைந்து மங்கலாக இருந்தால் இன்றும் நடக்கிற வேலை, கத்தியால் வெட்டியது போல் இருந்தால் பழைய கதையாக இருக்கலாம். சந்தேகம் தீராவிட்டால் ஈரக்காலத்தில் வேறு வழிகள் உண்டு. டைபிரிடில் என்ற வேதிப்பொருளைச் சொட்டினால், கரைந்த இரும்பு இருக்கும் மண் இளஞ்சிவப்பாக மாறும். இன்னொன்று இதைவிட அழகு: பிளாஸ்டிக் குழாயில் துருப்பூச்சு அடித்து மண்ணில் செருகி, சில வாரம் கழித்து உருவுவார்கள். பாக்டீரியாக்கள் வேலை செய்த ஆழத்தில் பூச்சு கரைந்து வெள்ளைத் திட்டுகள் தெரியும்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். கவைக்குச்சியும் தேங்காயும் வைத்து நீர்மட்டம் சொல்கிறவர்களை நம்பிக் குழி வெட்டும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பழுதான செப்டிக் டேங்கைப் பொடி போட்டுச் சரிசெய்யலாம் என்று நம்பிப் பணத்தை விடுபவர்களும் இருக்கிறார்கள். தொட்டியில் பாக்டீரியாவுக்குப் பஞ்சமே கிடையாது, எந்தப் பொடியும் களிமண்ணை மணலாக்காது. மண்ணை நேரில் பார்த்துப் படிக்கத் தெரிந்தவர்களை உருவாக்கப் பல்கலைக்கழகங்களும் அரசுகளும் கூடுதலாகச் செலவிட வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் 45 சென்டிமீட்டர் ஆழத்துச் சாம்பல் தெரியாது.

சரி, செப்டிக்கா சாக்கடையா? புது வீட்டுக்கும் பழைய வீட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம், பழைய வீட்டில் நல்ல இடம் ஏற்கெனவே பயன்பட்டுவிட்டது. அடைத்துப்போன களத்தை உடனே திரும்பப் பயன்படுத்த முடியாது. கிணறு, எல்லைச்சுவர், கட்டடம் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி இன்னொரு துண்டு மண் வேண்டும், அங்கும் குழி தோண்டிப் பார்க்க வேண்டும். அந்த மண் நன்றாக இருந்து, வீடுகளும் நெருக்கமில்லாமல் இருந்தால், புது செப்டிக் அமைப்பு கௌரவமான தீர்வுதான். நீர் அதே நிலத்துக்குத் திரும்பிச் சேரும், மைல்கணக்கில் குழாய் வேண்டாம்.

நெருக்கமான குடியிருப்பில் என் கை சாக்கடைப் பக்கம்தான் சாயும். காரணம் நைட்ரேட். காற்றுள்ள மண் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறது. கிருமிகளைப் பிடித்துவைக்கும் அதே மண்ணால் நைட்ரேட்டைப் பிடிக்க முடியாது. களிமண்ணைப் போலவே அதற்கும் எதிர் (நெகட்டிவ்) மின்சுமை, அதனால் ஒட்டாமல் நேராகக் கிணற்று நீருக்குப் போய்விடும். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், கைக்குழந்தைகளை மனதில் வைத்து. ஒரு வீடு என்றால் மழைநீர் அதை நீர்த்துப்போகச் செய்துவிடும். பக்கத்துப் பக்கத்தில் நூறு வீடு என்றால் அப்படி இருக்காது.

வாசகரின் இடத்துக்கு வருவோம். சாம்பல் 45 சென்டிமீட்டரில் தொடங்குகிறது. சாதாரணமாக உறிஞ்சு களத்தில் குழாய் பதிக்கும் கால்வாயின் அடிமட்டமே சுமார் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும், அதாவது மழைக்காலத்தில் கழிவுநீர் நேராக நிலத்தடி நீருக்குள்ளேயே இறங்கும். செப்டிக்தான் வேண்டும் என்றால் தரைக்கு மேல் 60 சென்டிமீட்டர் அளவுக்குத் தேர்ந்த மணலைக் கொட்டி மேடு கட்டி, அதன் மேல் கழிவுநீரைப் பம்ப் வைத்து ஏற்ற வேண்டும். மணல் 60, அடியில் நல்ல மண் 45, மொத்தம் 105 சென்டிமீட்டர் கிடைக்கும். 1940-களில் வடக்கு டகோட்டாவில் தொடங்கி விஸ்கான்சினில் மெருகேறிய முறை இது, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இடமும் தொடர்ந்த பராமரிப்பும் கேட்கும். தெருவில் குழாய் தயாராக இருக்கிறது, வீட்டிலிருந்து அதுவரை சரிவும் கிடைக்கிறது என்றால் நான் இணைப்பைத்தான் எடுப்பேன். வீடு குழாயைவிடத் தாழ்வாக இருந்தால் அங்கும் பம்ப் வேண்டியிருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் குழியை இன்னும் மூடவில்லையென்றால், காலை வெயிலில் ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஓரம் சரியாதபடி பார்த்துக்கொண்டு, 45 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கீழே இருந்து ஒரு கட்டியைப் பெயர்த்து எடுத்து உடைத்துப் பாருங்கள். வேர் போன பாதை ஒன்றாவது இருக்கும். உள்ளே சாம்பல், சுற்றிலும் ஆரஞ்சு.