மரப்பட்டையில் படர்ந்திருப்பது நோய் அல்ல

“சார், மாமரம் பூரா பாசி புடிச்சுப் போச்சு. என்ன மருந்து அடிக்கலாம்?” மலையடிவாரத் தோட்டக்காரர்களிடமிருந்து ஆண்டு முழுக்க எனக்கு வரும் கேள்வி இது. கூடவே போட்டோவும் வரும். பட்டையில் சாம்பல்பச்சை வட்டங்கள், ஓரம் சுருண்ட செதில்கள், சில சமயம் கிளையிலிருந்து தாடியாகத் தொங்கும் இழைகள்.

மருந்து எதுவும் வேண்டாம். அது லைக்கன் என்ற கூட்டுயிர். மரத்துக்குள் வேர்விட்டுச் சாறு உறிஞ்சுவதில்லை. அடியில் இருக்கும் மெல்லிய இழைகள் பட்டையைப் பிடித்துக்கொள்ள மட்டுமே. உணவை வெயிலிலிருந்தும், தாதுக்களை மழைநீர், பனி, தூசியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. வாடிய மரத்தில்தானே அதிகம் தெரிகிறது என்று கேட்பார்கள். கவனித்தது சரிதான், காரணம்தான் தலைகீழ். மரம் நலிந்து இலை கொட்டியதும் கிளைகளில் வெயில் விழுகிறது, லைக்கன் செழிக்கிறது. நலிவுக்கான காரணத்தை வேரிலும் வடிகாலிலும் தண்டுத்துளைப்பானிலும் தேட வேண்டும். தாமிரப் பூஞ்சைக்கொல்லி அடித்தால் லைக்கன் சாகும், மரம் வாடியபடியே நிற்கும்.

இப்படி அடித்தும் சுரண்டியும் நாம் இழப்பது எதை என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. லைக்கன் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்ததில் பாதி இன்று மாறிவிட்டது.

பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்வதுதான் லைக்கன் என்று பள்ளியில் படித்திருப்போம். சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் இதை 1867இல் முன்வைத்தபோது அன்றைய லைக்கன் அறிஞர்கள் கொதித்துப்போனார்கள். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் பாரிசில் வாழ்ந்த ஃபின்லாந்துக்காரர் வில்லியம் நைலாண்டர். சாகும்வரை அவர் ஏற்கவில்லை. ஆனால் லைக்கனை அவர் அளவுக்குக் கூர்ந்து பார்த்தவர்கள் குறைவு. நீலகிரியின் பெயரைச் சுமக்கும் பார்மோட்ரீமா நில்கெரென்சே என்ற லைக்கனை விவரித்தவர் அவர். ஒரு சொட்டு வேதிக்கரைசல் விட்டு நிறமாற்றத்தைப் பார்த்து இனம் காணும், இன்றும் என் மேசையில் தினமும் செய்யும் வேதிச்சொட்டுச் சோதனையைப் புகுத்தியவரும் அவரே. காற்று கெட்டால் லைக்கன் மறைகிறது என்று 1866இல் பாரிசின் லக்ஸம்பர்க் தோட்டத்தை வைத்து எழுதியவரும் அவரே.

ஷ்வெண்டனர் சொன்னது நிலைத்தது. பாசிக்குப் பதிலாகச் சிலவற்றில் வெயிலில் உணவு தயாரிக்கும் பாக்டீரியாவான சயனோபாக்டீரியா இருக்கும், சிலவற்றில் இரண்டும் இருக்கும் என்பதும் சேர்ந்தது. ஒன்றரை நூற்றாண்டு இப்படியே ஓடியது. 2016இல் டோபி ஸ்ப்ரிபில் குழுவினர் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதைக் கிளறிவிட்டது. வட அமெரிக்கக் காடுகளில் பிரையோரியா என்ற தொங்கும் லைக்கனில் இரண்டு வகை உண்டு. ஒன்று பழுப்பு, அங்குள்ள பழங்குடி மக்கள் சமைத்துத் தின்பது. மற்றது மஞ்சள் சாயல், வல்பினிக் அமிலம் நிறைந்த நச்சு. ஆனால் இரண்டிலும் பூஞ்சை ஒன்றே, பாசியும் ஒன்றே. பிறகு எப்படி ஒன்று உணவாகவும் மற்றது நஞ்சாகவும் இருக்கிறது? மேல்தோலில் மூன்றாவதாக ஓர் ஈஸ்ட், அதாவது ஒற்றைச்செல் பூஞ்சை, வாழ்வதையும், நச்சு வகையில் அது மிக அதிகமாக இருப்பதையும் அவர்கள் கண்டார்கள்.

உடனே எல்லா லைக்கனிலும் மூன்று கூட்டாளிகள் என்று செய்தி பரவியது. இது மிகை. 2019இல் 339 லைக்கன் இனங்களின் மரபணுத் தரவுகளைச் சலித்த இன்னொரு குழு, இந்த ஈஸ்ட்டுகள் எல்லாவற்றிலும் இல்லை என்று காட்டியது. இருக்கும் இடத்தில் அவை என்ன வேலை செய்கின்றன என்பது இன்னும் விவாதத்தில்தான் உள்ளது. பத்தாண்டு முந்தைய ஆய்வை மட்டும் படித்துவிட்டு வகுப்பில் சொல்லும் ஆசிரியர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனை பேர் குடியிருக்கும் ஒன்றுக்கு எந்தப் பெயர் வைப்பது? விதிப்படி, லைக்கனுக்கு வைக்கும் பெயர் அதிலுள்ள முதன்மைப் பூஞ்சைக்கே உரியது. பாசிக்குத் தனிப் பெயர் உண்டு. 2016 நிலவரப்படி தொகுத்த உலகப் பட்டியலில் 19,387 இனங்கள், 995 பேரினங்கள், 115 குடும்பங்கள் இடம்பெற்றன. இந்தியாவில் மட்டும் 2,700க்கும் மேல் பதிவாகியுள்ளன. இந்த எண்களைத் தரையாகத்தான் பார்க்க வேண்டும், கூரையாக அல்ல. தென் அமெரிக்க மலைகளில் விசிறி விசிறியாக வளரும் கோரா என்ற லைக்கனை நெடுங்காலம் ஒரே இனமாகவே எழுதிவந்தார்கள். 2014இல் டிஎன்ஏவைப் பார்த்தபோது குறைந்தது 126 இனங்கள் அதற்குள் இருந்தன. இன்னும் தேடினால் 400ஐத் தாண்டும் என்று கணித்தார்கள்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையும் அப்படித்தான். 2025இல் புனேயின் அகர்கர் ஆய்வு நிறுவனத்தார் இங்கிருந்து அல்லோகிராஃபா எஃபியூசோசோரெடிகா என்ற புதிய இனத்தை அறிவித்தார்கள். பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும் வகை. நடந்து போகிறவர் கண்ணில் வெறும் கறையாகவே படும். பூஞ்சையின் டிஎன்ஏவோடு, உள்ளே குடியிருக்கும் ட்ரென்டிபோலியா பாசியின் டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்து அதை உறுதி செய்தார்கள். பெரிய நிதி தேவைப்படாத, ஆனால் ஆள் பஞ்சம் கடுமையாக உள்ள வேலை இது. தாவரவியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், இந்தப் பக்கம் வாருங்கள்.

பெயர் தெரியாமல் இழப்பது காட்டில் மட்டும் நடப்பதில்லை, சமையலறையிலும் நடக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கல்பாசி என்று ஒரு பொட்டலம் வாங்கித் தட்டில் கொட்டுங்கள். செட்டிநாட்டுக் குழம்பிலும் பிரியாணி மசாலாவிலும் போடும் அதே கல்பாசி, அதுவும் லைக்கன்தான். சிறிது தண்ணீர் தெளித்தால் மொரமொரப்புப் போய் வளையும். மேற்பக்கம் சாம்பல், அடிப்பக்கம் கறுப்பு, ஓரத்தில் மட்டும் பழுப்பு. இப்போது லென்ஸில் பாருங்கள். ஒரு துண்டின் விளிம்பில் மாவுத்தூள் ஒட்டினாற்போல் இருக்கும், அது பார்மோட்ரீமா பெர்லாட்டமாக இருக்கலாம். இன்னொன்றின் மேற்பரப்பு முழுக்கப் பொடி முட்கள். மூன்றாவதில் வலைப்பின்னலாக வெடிப்பு. நான்காவது குறுகிய நாடாவாகக் கிளைவிட்டிருக்கும்.

முட்கள் உள்ள துண்டின் மேல்தோலைப் பிளேடால் லேசாகச் சுரண்டினால் வெள்ளைப் பஞ்சு தெரியும். அதில் ஒரு சொட்டு பிளீச்சிங் கரைசல் விட்டால் சட்டென்று சிவந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கும். லெகனோரிக் அமிலம் இருப்பதன் அடையாளம் அது, பார்மோட்ரீமா டிங்க்டோரம். வலைவெடிப்புத் துண்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டால் முதலில் மஞ்சளாகிப் பிறகு இரத்தச் சிவப்பாகும். அது சாலசினிக் அமிலம், பார்மோட்ரீமா ரெட்டிகுலேட்டம். ஒரே பொட்டலத்தில் இத்தனை இனங்கள்! அதனால்தான் “கல்பாசி அழியும் நிலையில் உள்ளதா?” என்று கேட்டால் நேராகப் பதில் சொல்ல முடிவதில்லை. ஒன்று தாராளமாக வளரலாம், கூடவே சேர்த்து உரிக்கப்படும் மற்றொன்று அருகிப்போயிருக்கலாம். எடைபோட்டு வாங்கும் மண்டியில் இந்த வேறுபாடு தெரியப்போவதில்லை.

சந்தைக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி உத்தராகண்ட், இமாச்சலப் பிரதேசம், நேபாள மலைகளின் ஓக் மரங்களிலிருந்து உரித்து வருவது. அங்குள்ள ஏழைக் குடும்பங்களுக்கு அது வருமானம், அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இலைவடிவ லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கிறது. உள்ளங்கை அகலத் துண்டுக்குப் பின்னால் பல ஆண்டுகள் இருக்கின்றன. சுழற்சி முறையில், விழுந்த கிளைகளிலிருந்தும் வெட்டப்பட்ட மரங்களிலிருந்தும் முதலில் எடுக்கும் ஏற்பாடு வேண்டும். உத்தராகண்ட் வனத்துறை 2020இல் முன்சியாரியில் லைக்கன் பூங்கா அமைத்தது நல்ல தொடக்கம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லைக்கனுக்கு மெழுகுத்தோல் கிடையாது, கழிவை வெளியேற்றும் வழியும் கிடையாது. காற்றில் வருவதெல்லாம் உள்ளே போய்த் தங்கும். இதனால்தான் அது காற்றின் பதிவேடாகப் பயன்படுகிறது. 1970இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஹாக்ஸ்வொர்த்தும் ரோஸும் இங்கிலாந்து, வேல்ஸ் மரப்பட்டைகளில் எந்த லைக்கன் இருக்கிறது என்பதைக்கொண்டே கந்தக டைஆக்சைடு அளவைச் சொல்லும் அட்டவணை தந்தார்கள். இன்று அங்கே கந்தகம் குறைந்து, பல லைக்கன்கள் நகரங்களுக்குத் திரும்பியுள்ளன. பதிலாக, நைட்ரஜனை விரும்பும் சாந்தோரியா என்ற மஞ்சள் நிற லைக்கன் பெருகுகிறது. கொடைக்கானலில் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச மாசைக்கூட 2003இல் வெளியான ஆய்வில் லைக்கனையும், ஈரப் பட்டையிலும் பாறையிலும் வளரும் மாஸ் என்ற சிறு பசுந்தாவரத்தையும் வைத்தே அளந்தார்கள். ஆகவே சாலையோர மரத்திலோ தொழிற்பேட்டைப் பக்கத்திலோ உரித்த கல்பாசியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். மொத்தமாக வாங்கும் மசாலா நிறுவனங்கள் காரீயம், காட்மியம் சோதனை அறிக்கை கேட்டு வாங்க வேண்டும்.

வெப்பமேறுவதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. லைக்கன்களில் பரவலாகக் குடியிருக்கும் ட்ரெபூக்சியா பாசி, தனக்கேற்ற தட்பவெப்பத்தை மாற்றிக்கொள்ளக் கடந்த காலத்தில் பல லட்சம் ஆண்டுகள் எடுத்திருக்கிறது என்று 2022இல் ஓர் ஆய்வு கணித்தது. நாம் கொடுக்கும் அவகாசம் சில பத்தாண்டுகள். பூஞ்சை தாக்குப்பிடித்தாலும் பாசி தாங்காவிட்டால் லைக்கன் இல்லை. சோலைக்காட்டு உச்சியில் இருப்பவை இதற்குமேல் ஏறிப்போக இடமும் இல்லை.

எனக்குப் படம் அனுப்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மேற்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள். என்ன மரம், எந்த ஊர், வெயில் படும் பக்கமா நிழல் பக்கமா என்று எழுதுங்கள். மரத்திலிருந்து உரிக்க வேண்டாம், காற்றுமழைக்குப் பின் கீழே விழுந்த சுள்ளிகளில் வேண்டிய அளவு கிடைக்கும். மாதிரி அனுப்புவதானால் நிழலில் உலர்த்தி, காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வழியிலேயே பூசணம் பிடித்துவிடும்.