கிண்டலைச் சட்டம் என்று நம்பி வருகிறார்கள்

கல்யாணச் சட்டங்களைப் பற்றி நக்கலாகப் பத்தி எழுதுகிறவர்கள் ஒரு சாயங்காலம் எங்கள் தண்டையார்பேட்டை ஆபீசில் வந்து உட்கார வேண்டும். குடும்ப வழக்கு பார்க்கும் வக்கீலாகச் சொல்கிறேன், பாதிப் பேர் அதைக் கிண்டலாகப் படிப்பதே இல்லை.

கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மா செல்போனை நீட்டினார். "கோர்ட் எதற்கு? 20 ரூபாய் பத்திரம், ரெண்டு சாட்சி, நோட்டரி முத்திரை. விவாகரத்து முடிந்தது, மண்டபம் பாருங்கள்" என்று யாரோ எழுதியிருந்தார். பத்திர விவாகரத்தை இடித்துத்தான் எழுதியிருக்கிறார். அந்த அம்மாவோ, "நாங்களும் இப்படித்தான் சார் எழுதி வாங்கியிருக்கோம். தை பொறந்தா பையனுக்குப் பொண்ணு பாக்கலாம்ல?" என்றார்.

பார்க்கக் கூடாது. இருவரும் சம்மதித்தாலும், 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் மனு போட்டு நீதிமன்றத்தில்தான் விவாகரத்து வாங்க வேண்டும். அதற்கு முன் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தால் அது செல்லாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறையும் உண்டு. இதில் ஒரு சிக்கல் வேறு. சில சமூகங்களில் வழக்கத்தில் இருக்கும், கோர்ட்டுக்குப் போகாமலே 'தீர்த்து விடுவதை' இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு ஏற்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் காலங்காலமாக இருக்கிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். நோட்டரி முத்திரை அதை நிரூபிக்காது. நக்கல் பத்தியில் இதற்கெல்லாம் இடம் ஏது?

தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி மாலை சூடி இருக்கின்றன, அதியமானுடையவை முனை முறிந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்று தொண்டைமானைப் புகழ்வதுபோல் கிண்டல் செய்தார் ஔவையார். போருக்குப் போனால்தான் வேல் முறியும் என்பது தொண்டைமானுக்குத் தெரியும், அதனால் குத்தியது. நம் வாசகருக்கு 13பி தெரியாதே.

வரதட்சணையில் இந்த ஆபத்து குறைவு. "நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்று அப்படியே எழுதினால் போதும், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எல்லாருக்கும் புரியும். 1961 வரதட்சணைத் தடைச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம்தான் என்பதை மட்டும் நேராகச் சொல்லிவிடுங்கள். கேலி, வரதட்சணை வாங்கியவர் மேல் விழட்டும், புகார் கொடுத்த பெண் மேல் வேண்டாம்.

அப்புறம், ஏற்கெனவே பத்திரம் எழுதியவர்கள் அதைக் கிழித்துப் போடாதீர்கள். எப்போதிலிருந்து பிரிந்திருக்கிறீர்கள் என்று காட்ட ஓரளவு உதவும். கையோடு கொண்டு வாருங்கள், முறைப்படி மனு போடலாம். வக்கீல் ஃபீசுக்குப் பயப்படும் பெண்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே அங்கே இலவச உதவி உண்டு.