முட்டி ஜவ்வு கிழிந்த வாரத்திலேயே ஆபரேஷனா?

நான் பிசியோதெரபிஸ்ட். தாராவியிலிருந்து ஆட்டோவில் என்னிடம் வந்து இறங்கினார்கள். கபடியில் முட்டி திருகிக்கொண்ட பையன், பின்னால் எம்ஆர்ஐ ஸ்கேன் உறையுடன் அவன் அம்மா. "ஏசிஎல் ஜவ்வு முழுதாக அறுந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமையே ஆபரேஷன் வைத்துக்கொள்ளட்டுமா தம்பி?" என்று கேட்டார்.

ஏசிஎல் என்பது முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஜவ்வு. ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு, அவனைக் காலை நீட்டச் சொன்னேன். நீட்ட வரவில்லை. முட்டி பலூன் போல வீங்கியிருந்தது, தொடைத் தசை இறுகவே இல்லை. இந்த நிலையில் அறுவை சிகிச்சைக்குப் போனால், பிறகு முட்டி விறைத்துப்போகும் அபாயம் அதிகம். வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீண்டு, தொடை வலுப்பெறட்டும் என்றேன். ஆறு வாரம் ஆனது.

விதிவிலக்கு உண்டு. முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸ் கிழிந்து மடங்கி, கதவிடுக்கில் கல் சிக்கியதுபோல முட்டி பூட்டிக்கொண்டால் காத்திருக்கக் கூடாது.

ஸ்வீடனில் ஏசிஎல் அறுந்த 121 பேரிடம் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. சிலருக்கு உடனே அறுவை சிகிச்சை. மற்றவர்களுக்கு முதலில் உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் அறுவை. இரண்டாண்டு முடிவில் இரு தரப்பினரின் முட்டி நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சியில் தொடங்கிய 59 பேரில் 23 பேர் அதற்குள் அறுவைக்குப் போனார்கள். ஐந்தாண்டில் அது ஏறத்தாழப் பாதியானது. மீதிப் பேருக்கு அது தேவைப்படவே இல்லை.

ஆகவே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த முட்டி இனி என்ன வேலை செய்ய வேண்டும்? என்னிடம் வந்த தோல்பை தைக்கும் ஒருவருக்கு வீட்டு மாடியின் செங்குத்தான இரும்பு ஏணியும் ரயில்வே பாலப் படிகளும்தான் சவால். மூன்று மாதப் பயிற்சியில் இரண்டிலும் தயங்காமல் ஏறினார், அறுவை வேண்டியிருக்கவில்லை. பயிற்சிக்குப் பின்னும் அவருக்கு முட்டி அடிக்கடி நழுவியிருந்தால் அறுவைக்கே அனுப்பியிருப்பேன், ஏனென்றால் ஒவ்வொரு நழுவலும் மெனிஸ்கஸைத் தேய்க்கும். கபடிப் பையன் சட்டென்று திரும்ப வேண்டும், பாய வேண்டும். அவனுக்கு அறுவைதான் சரி என்று மருத்துவரும் நானும் முடிவு செய்தோம்.

என்னை வருத்துவது அதற்குப் பிறகு நடப்பது. நகையை அடகு வைத்து ஆபரேஷனுக்குப் பணம் கட்டுகிறார்கள். பிசியோதெரபிக்குக் கையில் மிச்சம் இருப்பதில்லை. நான்காம் மாதம் வலி போய்விடுகிறது, பையன் களத்தில் இறங்கிவிடுகிறான். வலி போனதும் ஜவ்வு தேறிவிட்டது என்று நினைக்கிறார்கள். அறுந்த ஜவ்வுக்குப் பதிலாகத் தொடையிலிருந்து எடுத்து வைத்த நார் புது இடத்தில் உயிர்பிடித்து உறுதியாவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்டால், தள்ளும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகிறது என்று 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. பணம் சேர்க்கும்போதே இந்த ஒன்பது மாதத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தினமும் வர முடியாதவர்களுக்கு வீட்டிலேயே செய்யும் பயிற்சியை எழுதித் தருகிறேன், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் கபடிப் பையனுக்கு அறுவைக்குப் பின் இது ஏழாம் மாதம். போன ஞாயிறு ஒற்றைக்காலில் தாவச் சொல்லி அளந்தேன். நல்ல கால் 150 சென்டிமீட்டர், அறுவை செய்த கால் 128. நல்ல காலில் தொண்ணூறு சதவீதம், அதாவது குறைந்தது 135 வர வேண்டும். அடுத்த மாதம் மறுபடி அளப்போம் என்று சொல்லி அனுப்பினேன்.