முட்டி தேய்ந்தவர்களுக்கு நாற்காலி உயரத்தில் ஒரு தொடக்கம்

“கண்ணு, முட்டி தேஞ்சு போச்சுன்னு படம் புடிச்சுப் பாத்துச் சொல்லிட்டாங்க. இருக்கற கொஞ்சத்தையும் நடந்து தேச்சுப்போட்டா அப்பறம் என்ன பண்றது?”

ஈரோட்டில் இயன்முறை சிகிச்சை செய்துவருகிறேன். இந்தக் கேள்வி என் காதில் விழாத வாரம் இல்லை. இப்படிக் கேட்ட அந்த அம்மா பல வருடம் இட்லிக் கடை நடத்தியவர். தேய்மானம் என்று தெரிந்ததும் கடையை மருமகளிடம் கொடுத்துவிட்டு, எட்டு மாதம் கட்டிலும் டிவியுமாக இருந்திருக்கிறார். வலி குறையவில்லை, கூடத்தான் செய்தது. மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். டேப் வைத்து இரண்டு தொடையையும் அளந்தேன். வலிக்கிற பக்கம் 3 செ.மீ. மெலிந்திருந்தது. அவர் முட்டியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார், தொடையை யாரும் பார்க்கவில்லை.

‘தேய்மானம்’ என்ற சொல் செய்யும் கெடுதல் கொஞ்சமல்ல. டயர் தேய்வதுபோல, ஓட்டாமல் நிறுத்தினால் மிச்சமாகும் என்று நினைக்க வைக்கிறது. முட்டி உயிருள்ளது. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. காலில் எடை விழும்போது அழுந்தி, எடை நீங்கும்போது விரிந்து, ஈரப் பஞ்சைப்போல அது திரவத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. முட்டி வீங்கி வலித்தால், தொடையின் முன்தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலம் தானாகவே குறைத்துவிடும். தசை சோம்பும், பிறகு மெலியும். காலை ஊன்றும்போது அதிர்ச்சியைத் தாங்கவேண்டிய தசை தாங்காததால் அவ்வளவும் மூட்டில் இறங்கும், வலி ஏறும். வலிக்கிறதே என்று இன்னும் உட்கார்ந்தால் தசை இன்னும் மெலியும். இந்தச் சுற்றை மாத்திரை மட்டும் உடைக்காது.

எக்ஸ்ரேயைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். படத்தில் மோசமாகத் தெரியும் முட்டியோடு காடு மேடு ஏறி இறங்குகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள், படத்தில் பெரிதாக எதுவும் இல்லாமல் வலியில் துடிப்பவர்களும் வருகிறார்கள். படமும் வலியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2013-இல் டென்மார்க்கில் முட்டி, இடுப்பு மூட்டுவலிக்காரர்களுக்கென்று ‘கிளாட்’ என்ற பயிற்சித் திட்டம் தொடங்கியது. நோயைப் பற்றி விளக்கும் வகுப்புகளும், மேற்பார்வையில் 12 முறை பயிற்சியும்தான் அதன் சாரம். இன்று பல நாடுகளில் நடக்கிறது. பிரிட்டனின் 2022 வழிகாட்டுதலும் மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியைத்தான் முதல் வரிசையில் வைக்கிறது.

எந்தப் பயிற்சி என்பதற்கு முன்னால், எவ்வளவு வலி வரலாம் என்பதைப் பேசிவிடுவோம். துளி வலிகூட வரக்கூடாது என்று நினைத்தால் தொடங்கவே முடியாது. பத்துக்கு எத்தனை என்று நீங்களே மார்க் போடுங்கள். நான்கு வரை வந்தால் தொடரலாம். அடுத்த நாள் காலை வலி வழக்கமான நிலைக்குத் திரும்பியிருக்கவேண்டும். திரும்பாவிட்டால், அல்லது முட்டி வீங்கியிருந்தால், நேற்றுச் செய்தது அதிகம். பயிற்சியை விட்டுவிட வேண்டாம், அளவைப் பாதியாக்குங்கள்.

முதல் இரண்டு வாரம் கட்டிலே போதும். காலை நீட்டி, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து, அதை முட்டியால் கீழே அமுக்கி ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள். தொடை கல்லைப்போல இறுகுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அது வந்ததும், ஒரு காலை மடக்கி வைத்து, மற்ற காலை மடங்காமல் ஓர் அடி உயரம் தூக்கி, மெதுவாக இறக்குங்கள். பிறகு இரண்டு காலையும் மடக்கி ஊன்றி, இடுப்பை மட்டும் தூக்குவது. புட்டத் தசை பலமில்லாதவர்களுக்கு நடக்கையில் முட்டி உள்பக்கம் சாயும், ஆகவே இதை விட்டுவிடாதீர்கள். எதற்கும் மூச்சைப் பிடிக்கவேண்டாம், பிரஷர் உள்ளவர்கள் முக்கியமாக. வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும்.

ஒரே ஒரு பயிற்சியைத்தான் சொல்லவேண்டும் என்றால், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைச் சொல்வேன். பஸ்ஸிலும் பாத்ரூமிலும் கல்யாண மண்டபத்திலும் நாம் மாட்டிக்கொள்வது இந்த அசைவில்தான். இருக்கை தாழத்தாழ முட்டிக்குச் சுமை கூடும். அதனால் உயரத்திலிருந்து தொடங்கவேண்டும். வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி மூன்று, நான்கை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் ஒட்டிப் போடுங்கள். உயரமும் கிடைக்கும், ஒற்றை நாற்காலிபோல ஆடாது. விளிம்புக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்கள் முட்டிக்குச் சற்றுப் பின்னால், இடுப்பு அகலத்தில் இருக்கட்டும். மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, குதிகாலை அழுத்தி எழுங்கள். நிமிர்ந்தபடியே எழப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் முட்டி மட்டும் இழுக்கும், இடுப்பு உதவிக்கு வராது.

உட்காருவதில்தான் பாதிப் பலன் இருக்கிறது. பொத்தென்று விழாமல் நான்கு எண்ணி இறங்குங்கள். முதலில் கைப்பிடியை ஊன்றிக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. எட்டு முறை ஒரு சுற்று, இரண்டு மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். கையூன்றாமல் மூன்று சுற்றும் சுலபமாக வந்தால் அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துவிடுங்கள். பலன் உண்டா இல்லையா என்று ஆறு, எட்டு வாரத்துக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கலாம். சைக்கிள் நல்லது. சீட் போதிய உயரத்தில் இருக்கவேண்டும், பெடல் அடியில் இருக்கும்போது கால் லேசாக மட்டும் மடங்கியிருந்தால் சரி. கிணறோ நீச்சல் குளமோ பக்கத்தில் இருந்து, பாதுகாப்பாக நிற்க முடிந்தால், இடுப்பளவு தண்ணீரில் நடப்பதைப்போல சுகம் வேறில்லை. உடல் எடையில் பாதிதான் காலில் விழும்.

தோப்புக்கரணமும் சம்மணமும் வஜ்ராசனமும் கெட்டவை என்று நான் சொல்லமாட்டேன். வலி உச்சத்தில் இருக்கும் மாதங்களில் முட்டி முழுதாக மடங்கி எடை தாங்குவது அதிகப்படி, அவ்வளவுதான். பிள்ளையாருக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு கால்வாசி மடக்கிப் போட்டால் அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். மொட்டைமாடியில் எட்டு போட்டு நடப்பவர்கள் எட்டைப் பெரிதாகப் போடுங்கள். குறுகிய திருப்பம் முட்டியை முறுக்கும். தினம் பத்து நிமிடம்கூட நடக்காதவர்கள் பௌர்ணமியன்று திடீரென்று திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றிவிட்டு, மறுவாரம் வீங்கிய முட்டியோடு வருகிறார்கள். மலை எங்கும் போகாது. மூன்று மாதம் நடையைக் கூட்டிக்கொண்டே வந்து பிறகு போங்கள்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ஊன்றுகோலை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்கவேண்டும். முக்கால்வாசிப் பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். ராத்திரி முட்டிக்கடியில் தலையணை வைத்துத் தூங்குவது இதமாகத்தான் இருக்கும், ஆனால் மாதக்கணக்கில் செய்தால் கால் முழுதாக நீளாமல் போய்விடும். முட்டியில் மாட்டும் உறை (‘நீ கேப்’) வெளியே போகும்போது துணைக்கு இருக்கட்டும், தசையின் வேலையை அது செய்யாது. எடையைப் பற்றிப் பேசினால் வருத்தப்படுகிறார்கள், இருந்தாலும் சொல்கிறேன்: பருமனாக உள்ளவர்கள் 1 கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிமேல் விழும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது என்று 2005-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

சில முட்டிகளுக்கு வீட்டுப் பயிற்சி முதல் வேலை அல்ல. சூடாகச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாவிட்டால், முட்டி பூட்டுப்போட்டதுபோல மாட்டிக்கொண்டால், கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால், நேராக மருத்துவரிடம் போங்கள்.

இட்லிக் கடை அம்மாவுக்கு நான்கு நாற்காலி அடுக்கில் தொடங்கினோம். முதல் வாரம் கைப்பிடியை விடவே பயந்தார், மருமகள் முன்னால் நின்றுகொண்டாள். நான்காவது மாதம் ஒரே நாற்காலி, கைகள் நெஞ்சுக்குக் குறுக்கே, எட்டு முறை. தரையில் உட்கார இன்னும் முடியவில்லை. அது முடியாமலேகூடப் போகலாம் என்று அவரிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். கடையில் மாவுப் பாத்திரத்தை இடுப்பு உயர மேஜைக்கு ஏற்றிவிட்டார்கள். காலை ஐந்து மணிக்கு இட்லித் தட்டில் ஊற்றுவது மறுபடி அவர்தான்.