ஏசி டக்டில் புகை டிடெக்டர்: தீயணைப்புச் சான்றுக்கு அலையும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இராமேஸ்வரம் லாட்ஜ்காரர்களும் கீழக்கரை மண்டபக்காரர்களும் தீயணைப்புத் துறையின் சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டு அலைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். “ஏசி டக்டில் புகை டிடெக்டர் இல்லை” என்ற ஒற்றை வரிக் குறிப்போடு கோப்பு திரும்பி வந்துவிடுகிறது. அது, அதாவது ஏசி காற்று போகும் தகரப் பாதையில் புகையைக் கண்டுபிடிக்கும் கருவி, யாருக்கு வேண்டும், எங்கே மாட்ட வேண்டும் என்று கேட்டால் எந்த மேசையிலும் நிதானமாகப் பதில் சொல்ல ஆளில்லை. அந்த நேரத்தில்தான் கான்டிராக்டர் கொட்டேஷனோடு வந்து நிற்கிறார்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் நான்காம் பகுதி தீப் பாதுகாப்பு பற்றியது. டிடெக்டர்களைப் பொருத்துவதும் பராமரிப்பதும் ஐஎஸ் 2189 என்ற இந்தியத் தரநிலைப்படி. எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான்: ஓர் அறையில் எழும் புகையை ஏசி ஃபேன் இழுத்து மற்ற அறைகளுக்கு ஊதிவிடக் கூடாது.

முதலில் ஏமாறும் இடத்தைச் சொல்கிறேன். மொட்டை மாடியில் பெரிய யூனிட் வைத்து, தகர டக்ட் வழியாகப் பல அறைகளுக்கோ ஹாலுக்கோ காற்று அனுப்பினால்தான் இந்த டிடெக்டர் பேச்சே வரும். அறைக்கு ஒரு ஸ்ப்ளிட் ஏசி என்றால், மாடியில் இருப்பது வெறும் அவுட்டோர் யூனிட். அதற்குள் அறைக்காற்று போவதே இல்லை, டக்டும் கிடையாது. அப்படிப்பட்ட லாட்ஜுக்கும் டக்ட் டிடெக்டர் என்று பில் போடுகிறார்கள். வளைகுடாவில் சம்பாதித்து வந்து மண்டபம் கட்டியவர்கள் இதில் காசு இழப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இன்னொன்று, “2000 சிஎஃப்எம் தாண்டினால் கட்டாயம்” என்று, நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று என்ற அளவில் ஒரு கணக்குச் சொல்வார்கள். அது அமெரிக்காவின் என்எஃப்பிஏ 90ஏ தரநிலையில் உள்ளது. உங்கள் கோப்புக்கு எந்த விதி பொருந்துகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள்.

சரி, பொருள் எப்படி வேலை செய்கிறது? டக்டுக்கு வெளியே ஒரு பெட்டி. அதிலிருந்து டக்டுக்குள் குறுக்காக ஒரு குழாய். குழாயில் வரிசையாகத் துளைகள். அவை காற்று வரும் திசையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஓடும் காற்றில் கொஞ்சம் அந்தத் துளைகள் வழியே பெட்டிக்குள் போய், இன்னொரு குழாய் வழியாக டக்டுக்கே திரும்பும். பெட்டிக்குள் ஓர் ஒளிக்கதிர் ஓடுகிறது. புகைத்துகள் வந்தால் ஒளி சிதறி சென்சாரில் விழும். உடனே ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் மாறி ஃபேனை நிறுத்த வேண்டும்.

அந்த “வேண்டும்” தான் சிக்கல். பல இடங்களில் ரிலே வயரைக் கம்ப்ரசர் லைனில் மட்டும் கொடுத்துவிடுகிறார்கள். புகை வந்தால் குளிர் நிற்கும், ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். புகை அறை அறையாகப் போகும். சோதனைக்கு வருபவர் பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். “பாய், பெட்டி மாட்டியாச்சு, பில்லை முடிச்சு விடுங்க” என்பார்கள். முடிக்காதீர்கள். காந்தத்தை வைத்துச் சிவப்பு விளக்கை எரிய வைத்துக் காட்டுவது போதாது; உள்ளே எலக்ட்ரானிக்ஸ் வேலை செய்கிறது என்பதுதான் அதில் தெரியும், காற்று உள்ளே வருகிறதா என்பது தெரியாது. டெஸ்ட் புகை அடித்து, ஃபேன் நிற்பதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுக் கடைசித் தவணையைக் கொடுங்கள்.

குழாயை ஒருமுறை வெளியே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். துளைகள் எதிர்த்திசையில் இருந்ததையும், கடைசி முனையை அடைக்கும் மூடியே இல்லாமல் இருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். நம் கரையில் உப்புக்காற்று வேறு. பாம்பன், மண்டபம் பக்கம் மாடியில் எந்த இரும்பு தாங்குகிறது? வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற கூடு இல்லாமல் பெட்டியை வெளியே மாட்டினால், வயர் இணையும் டெர்மினலில் பச்சை பூத்துவிடும். தூசியும் ஈரமும் சேர்ந்தால் பொய் அலாரம் வரும்.

பொய் அலாரம் வந்தால் அடுத்து நடப்பது எல்லோருக்கும் தெரியும். ஆடி அமாவாசைக்கு லாட்ஜ் நிரம்பியிருக்கும், ஏசி நின்றுவிடும், கீழே யாத்ரீகர்கள் சத்தம் போடுவார்கள். எலக்ட்ரீஷியன் மேலே போய், டிடெக்டர் இனி ஃபேனை நிறுத்த முடியாதபடி இரண்டு டெர்மினலையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, கறுப்பு டேப் சுற்றிவிட்டு வருவார். அந்த வயரை அப்புறம் யாரும் எடுப்பதில்லை. டிரிப் ஆனால் காரணத்தைப் பார்த்து, சுத்தம் செய்து, ரீசெட் பண்ணுங்கள். வயர் போட்டவரைக் கொண்டே அன்றைக்கே அதை எடுக்க வையுங்கள்.

டக்ட் டிடெக்டர் இருப்பதால் அறைகளில் டிடெக்டர் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபேன் நின்றிருக்கும்போது டக்டில் காற்று ஓடாது. டிடெக்டருக்கு ஒன்றும் தெரியாது. பல அறைக் காற்று கலந்து வருவதால் புகையும் நீர்த்துப்போயிருக்கும். அப்புறம், வராண்டாவையும் படிக்கட்டையும் ஏசி காற்று திரும்பும் வழியாக விடக் கூடாது என்று அதே விதித்தொகுப்பு சொல்கிறது. செலவை மிச்சம் பிடிக்க அப்படி விடும் கான்டிராக்டர்கள் உண்டு. ஜனம் ஓடித் தப்பிக்கும் வழியிலேயே புகை நிற்கும்.

அலுவலக விஷயத்துக்கு வருகிறேன். பொதுக் கட்டட உரிமத்துக்குத் தாசில்தார் அலுவலகம் போனால் தீயணைப்புச் சான்று கேட்பார்கள். தீயணைப்பில் வரைபட ஒப்புதல் கேட்பார்கள். வரைபடத்தில் ஏசி டக்டே இருக்காது. ஏசி பின்னால் போட்டதாக இருந்தால், டக்ட் போகும் வழி, டிடெக்டர் இருக்கும் இடம், ஃபேன் நிறுத்தும் வயரிங் மூன்றையும் காட்டும் வரைபடத்தை முதலிலேயே இணைத்துவிடுங்கள். குறை என்ன என்று வாயால் சொன்னால் கேட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள்; எந்த விதி, எந்த இடம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, உங்கள் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். நேரில் கொடுத்தால் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். தபால் என்றால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.