எக்ஸ்பார்ட்டி: முன்னாள் மாப்பிள்ளை அல்ல

சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றால் அடிக்கடி காதில் விழும்: "நம்ம கேசு எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சுங்க." ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்திருந்த பெரியவர் ஒருவர், மகளின் விவாகரத்து வழக்கில் வந்த இந்தச் சொல்லுக்கு ‘முன்னாள் மாப்பிள்ளை’ என்றே பொருள் கொண்டிருந்தார். குறை சொல்ல முடியாது. எக்ஸ் என்றால் முன்னாள், பார்ட்டி என்றால் ஆள். சரியாகத்தானே இருக்கிறது!

சொல் லத்தீன். ‘எக்ஸ்’ இங்கே ‘இருந்து’. ‘பார்ட்டே’ என்பது பக்கம், பகுதி எனப் பொருள்படும் ‘பார்ஸ்’ என்ற சொல்லின் வேற்றுமை ஏற்ற வடிவம். ஆக, ‘ஒரு பக்கத்திலிருந்து’. நீதிமன்ற ஊழியரான டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட்டும் எதிர்மனுதாரர் வரவில்லை, அவருக்காக வக்கீலும் எழவில்லை என்றால், வந்தவர் சொல்வதை மட்டும் கேட்டு வழக்கு நகரும்.

இதை ‘ஒருதலைப்பட்சத் தீர்ப்பு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. தலையும் பக்கம்தான், வடமொழிப் பட்சமும் பக்கம்தான், அது போகட்டும். நீதிபதி ஓரவஞ்சனை செய்துவிட்டார் என்ற வாடை அதில் அடிக்கிறது. ‘ஒருதரப்புத் தீர்ப்பு’ நேரானது. வராதவரைக் குறிக்கத் தமிழ்த் தீர்ப்புகளில் வரும் ‘தோன்றாத் தரப்பினர்’ அதைவிட அழகு.

ஏன் தோன்றவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பிரிந்த தம்பதி வழக்கில் மனுவில் இருப்பது பல நேரம் பழைய விலாசம். எதிர்மனுதாரர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டிருப்பார். சம்மன் இங்கே, எப்போதோ காலி செய்த வாடகை வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கும். சம்மன் முறையாகச் சேரவில்லை என்று காட்டினால், 1908-ம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 13-ன்படி தீர்ப்பை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். பொதுவாகத் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள் கெடு. சம்மன் சேராதவருக்கு, தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். வாய்தா தேதி முன்கூட்டியே நன்றாகத் தெரிந்திருந்தவர், சம்மன் சார்பு செய்ததில், அதாவது சேர்ப்பித்ததில், சின்னக் குறை என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பெரியவர் டம்ளரை வைத்தார். "அப்ப, அவரு வந்து மனுப் போட்டு, தீர்ப்பும் நீங்கிட்டா வெறும் பார்ட்டிங்களா?"

ஆமாங்க என்றேன்.